நீரின் மீது ஆரஞ்சு நிறம்
பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களுக்கு உவர்நீர்ப் பரப்பும் முகத்துவாரத்துக்கு அப்பாலுள்ள கடலுமே பணியிடம் என்பதால், அலுவலக உடையில் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கும் பளிச்சென்ற நிறம் இங்கே உயிரைக் காக்கும் தேவையாகிறது. 2011 டிசம்பர் 25 அன்று இதே நீரில் சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து, உயிர்காப்பு அங்கி இல்லாத நிலையில் 22 பேர் இறந்த துயரம் மறக்கக்கூடியதன்று.

அந்த அங்கிக்கு ஆரஞ்சு நிறம் தரப்படுவது, நீலமும் பச்சையும் கலந்த நீர்ப்பரப்போடு அது மிகவும் மாறுபட்டு, அலைகளுக்கிடையே தலையளவே தெரியும் ஒருவரையும் தொலைவிலிருந்தே காட்டிவிடுவதால்தான். சில அங்கிகளில் சேர்க்கப்படும் ஒளிர்சாயம், அதாவது கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை உள்வாங்கிப் புலப்படும் ஒளியாக வெளியிடும் சாயம், வலையெடுக்கும் விடியற்காலை மங்கலிலும் துலங்குகிறது. முழு இருளில் எந்த நிறமும் உதவாது என்பதால், தேடுவிளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பும் பட்டைகளும் அதில் தைக்கப்படுகின்றன.

எனினும், வெயிலில் வியர்வையைத் தேக்கி, வலையிழுக்கும் கைகளைத் தடுக்கும் தடித்த அங்கியை நாள் முழுதும் அணியுமாறு மீனவரிடம் கேட்பது நியாயமாகாது. தேவைப்படும்போது மட்டும் வாயு நிரம்பி உப்பும் மெல்லிய வகையே அவர்களுடைய உழைப்புக்குப் பொருந்தும் என்பதால், அதை மானிய விலையில் வழங்குவதே முறை.