குறை முகத்திலா, மனத்திலா?



என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன் எப்பொழுதும் ஒரு கையால் மூக்கை மறைத்தபடியே அமர்ந்திருப்பான். பாடம் ஒப்புவிக்க எழும்பினாலும் கை இறங்காது. ஒருநாள், “மூக்கை யாரும் களவெடுத்து விடுவார்கள் என்று பயமா?” எனப் பகிடியாகக் கேட்டேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் தொட்டு அவன் வரவில்லை.

வீடு தேடிச் சென்றேன். “ஹஸ்ரத், கண்ணாடிக்கு முன்னால மணிக்கணக்கா நிக்கிறான். மூக்கை ஒபரேஷன் செஞ்சு தந்தாத்தான் வெளிய எறங்குவானாம்” என்று அவனது உம்மா அழுதார். என் கண்ணுக்கோ அந்த மூக்கில் எக்குறையும் தென்படவில்லை.

இதை வீண் பெருமை என்று நாம் ஒதுக்கி விடுகிறோம். ஆனால், இது ஒரு நோய். 1891ஆம் ஆண்டிலேயே இத்தாலிய உள வைத்தியர் என்ரிகோ மோர்செலி இதனை விவரித்துப் பெயரும் சூட்டினார். பிறருக்குத் தெரியாத, அல்லது அற்பமான ஒரு குறை இவர்களுக்கு மலையாகத் தெரியும். சிலர் ஓயாது கண்ணாடி பார்ப்பர்; சிலர் கண்ணாடியையே தவிர்ப்பர். பெரும்பாலும் கட்டிளமைப் பருவத்தில் தலைகாட்டும் இந்நோய், ஆண், பெண் இருபாலாரையும் பீடிக்கிறது. பொதுமக்களில் நூற்றுக்கு இருவரளவில் காணப்படும் இது, அழகுச் சத்திர சிகிச்சையை நாடுவோரிடையே பன்மடங்கு அதிகம்.

சத்திர சிகிச்சை செய்தால் தீராதா என நீங்கள் கேட்கலாம். அமெரிக்க பிளாஸ்டிக் சத்திர சிகிச்சை நிபுணர் மக்ஸ்வெல் மோல்ட்ஸ், முகம் திருந்திய பின்னரும் சிலர் தம்மை அழகற்றோராகவே கருதியதை 1960இல் வெளியான தமது நூலில் குறிப்பிட்டார். இந்நோயாளர் பலரிடம் கவலை தீர்வதில்லை. மூக்கிலிருந்து நாடிக்கு இடம் மாறுகிறது.

அவ்வாறாயின் எல்லாச் சத்திர சிகிச்சையும் வீணா? அப்படியல்ல. குலாப் போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரழி) அவர்கள் வெள்ளி மூக்கு பொருத்தினார்கள். அது துர்நாற்றம் வீசவே, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு ஹரல்ட் கில்லிஸ் என்ற வைத்தியர் இங்கிலாந்தில் முகத்தைச் சீரமைத்துக் கொடுத்தார். காயம் முகத்தில் இருந்தால் மருந்தும் முகத்துக்கே. காயம் மனத்தில் இருக்கையில் முகத்தை வெட்டி ஆவதென்ன?

இதற்கும் சிகிச்சை உண்டு. சிந்தனையையும் நடத்தையையும் படிப்படியாகச் சீர்செய்யும் உளச் சிகிச்சையும், உள வைத்தியர் தரும் மருந்துகளும் பலருக்குப் பயனளிக்கின்றன. பெற்றோரே! “நீ அழகாத்தானே இருக்கிறாய்” என்று ஆயிரம் முறை சொன்னாலும் அந்த ஆறுதல் ஒரு நிமிடமே நிற்கும். பிள்ளை வெளியே செல்ல மறுத்தால், வாழ்வே வெறுத்துவிட்டது என்றால், தாமதியாமல் உள வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

‘மூக்கன்’, ‘பல்லன்’, ‘கறுப்பி’ என்று செல்லமாகத்தானே கூப்பிடுகிறோம் என்பீர்கள். பட்டப்பெயர் சூட்டுவதையும் பரிகசிப்பதையும் ஸூரதுல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. அந்த வசனத்தை வருடந்தோறும் மாணவருக்கு ஓதிக்கொடுப்பவன் நான். பரிகசித்தவனும் நானே.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பெற்றோர் அவனை உள வைத்தியரிடம் காட்டினர். சில மாதங்களின் பின் வகுப்புக்குத் திரும்பினான். இடைக்கிடை அந்தக் கை இன்னும் மூக்குக்கு எழும்பத்தான் செய்கிறது. நான் காணாதவன் போல் பாடத்தைத் தொடர்கிறேன்.