வயதானால் வரும் மறதிதானா?

சாவியை வைத்த இடம் மறப்பது எந்த வயதிலும் உண்டு. வீட்டார் கவனிக்க வேண்டியது, பழகிய வேலையில் புதிதாக வரும் தடுமாற்றத்தை. நாற்பது ஆண்டுகள் சாம்பார் வைத்தவர் அடுத்து எதைப் போடுவதென்று திகைக்கிறார். வட்டிக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தவர் சில்லறை எண்ணத் திணறுகிறார். தினமும் போகும் கோயிலிலிருந்து திரும்ப வழி தெரியாமல் நிற்கிறார். சில சமயம் குணம்தான் முதலில் மாறும். 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் பரிசோதித்த 51 வயதுப் பெண்ணிடம் முதலில் தெரிந்தது கணவர் மீதான சந்தேகம். நம் வீடுகளில் இத்தகைய குணமாற்றத்தைப் பிடிவாதம், மாமியார்க் குணம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் பழி நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

‘வயதானால் இப்படித்தான்’ என்பார்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 7.4 சதவீதம் என்பது ஆய்வு மதிப்பீடு. பெரும்பாலானோருக்கு வராத ஒன்றை முதுமையின் இயல்பு என்பது எப்படி? ‘குணமாகாத நோயைத் தெரிந்து என்ன பயன்?’ என்ற கேள்வியில் உண்மையான வேதனை இருக்கிறது. ஆனால் வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். அவற்றைச் சரிசெய்ய முடியும். டிமென்ஷியாவே என்றாலும், உயில், வங்கிக் கணக்கு, யாருடன் வாழ்வது என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்க அவகாசம் கிடைக்கும். சில மாதங்களாக மாற்றம் தொடர்ந்தால், கண்டவற்றைத் தேதியோடு குறித்துக்கொண்டு, சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் அல்லது முதியோர் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.