சாவுக்கு அடிக்க மாட்டோம்

ஒடுக்குமுறைக்கு நடுவே கலை தழைக்குமா என்று கருத்தரங்குகளில் கேட்கிறார்கள். பறை ஒருநாளும் நின்றதில்லை. ஊர்ச் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில், அரைக் கூலிக்கும் சாராயத்துக்கும் அடித்தார்கள். கலை இருந்தது, கலைஞனுக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமைதான் இல்லை.

1990களின் தலித் எழுச்சியில் பல சேரிகளின் இளைஞர்கள் பறையைத் தொட மறுத்தார்கள். சிலர் கொளுத்தவும் செய்தார்கள். 'கலையை அழிக்கிறார்களே' என்று வருந்தியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் யாரும் சாவுக்கு அடித்ததில்லை.

அதே காலத்தில்தான் பறை விடுதலையின் கருவியாக மேடை ஏறியது. முனைவர் கே.ஏ.குணசேகரன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். 'பலி ஆடுகள்' என்ற தலித் நாடகத்தை எழுதினார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். அதுவரை அது ஆண்கள் மட்டுமே தொட்ட தோல். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

மகிழ்ச்சிதான். ஆனால், இழவு விழுந்தால் சேரிக்கு ஆள் அனுப்பும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. வர மறுத்தால் காட்டு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

கல்லூரிகளில் பறை பழகும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அடி சொல்லிக் கொடுத்த ஆசானின் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? போன முறை கேட்டபோது இரண்டு பேர் கை தூக்கினார்கள்.