மலைநாட்டு முற்றத்திற்கு ஒரு பூம்புதர்

தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும் புகையிரதம் வட்டகொடையில் சற்றுத் தரித்துச் செல்லும். கடல் மட்டத்திற்கு 4,000 அடிக்கு மேற்பட்ட உயரம் அது. எப்பக்கம் நோக்கினும் தேயிலைப் பசுமை. அப்பசுமையினிடையே லயங்களின் தகரக் கூரைகள். ஒவ்வொரு லயத்தின் முன்னும் ஒரு சிறு முற்றம். முற்றத்தின் ஓரத்திலே, பழைய வாளியிலோ பால்மாத் தகரத்திலோ நட்ட ஒரு பூஞ்செடி. இடம் எத்துணைக் குறுகியதாயினும் பூ இல்லாத வாசல் அங்கே அரிது.

கடல் கடந்து வாழும் உறவினர் கைப்பேசி வழியே அனுப்பும் படங்களைக் காணும் சிலருக்கு ஒரு புதிய ஆசை பிறப்பதுண்டு. ரொறன்ரோ நகரில் ஏப்பிரல் மாத இறுதியில், பனி கரைந்து, மரங்கள் இன்னும் இலையின்றி நிற்கும் வேளையில், வீட்டு வேலிகளின் ஓரமாக ஒரு புதர் மட்டும் அடி முதல் நுனி வரை மஞ்சளாகப் பூத்து நிற்கும். இலை ஒன்றேனும் இராது. கிளை முழுவதும் பூ. அதன் பெயர் போர்சித்தியா. அதனை வட்டகொடையின் முற்றத்திலும் வளர்க்க இயலாதா என்பது இயல்பான வினாவே. அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அச்செடியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

போர்சித்தியா தமிழருக்கு முற்றிலும் அந்நியமான குடும்பத்தைச் சேர்ந்ததன்று. மல்லிகையும் முல்லையும் பவளமல்லியும் எக்குடும்பத்தைச் சேர்ந்தனவோ அக்குடும்பத்ததே அதுவும். அதன் இனங்களுட் பெரும்பாலானவை சீனா, கொரியா, யப்பான் ஆகிய கீழைத் தேசங்களுக்கு உரியவை. தென்கொரியாவின் தலைநகரான சியோல் அதனைத் தன் நகர மலராகக் கொண்டுள்ளது. பெயர் மட்டும் மேனாட்டது. வில்லியம் போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் இலண்டனில் அரச தோட்டங்களைப் பராமரித்தவர், 1804ஆம் ஆண்டில் அங்கு தோட்டக்கலைச் சங்கத்தை நிறுவியோருள் ஒருவர், அவ்வாண்டிலேயே மறைந்தவர். அவர் நினைவாகவே செடிக்கு அப்பெயர் இடப்பட்டது.

சாதாரணப் போர்சித்தியா எட்டு, பத்து அடி வரை வளர்ந்து நாற்புறமும் கிளை பரப்பும். சிறு வீடுகளின் முற்றத்துக்கு அது பொருந்தாமையால், குறுகி அடர்ந்து வளரும் வகைகளைத் தாவர நூலார் தேடினர். அமெரிக்காவின் ஆர்னல்ட் தாவரத் தோட்டத்தில் 1941இல் ஒரு குள்ள வகை உருவாக்கப்பட்டது. அது நிலத்தோடு படர்ந்ததேயன்றிப் பூவைச் சிக்கனமாகவே தந்தது. பின்வந்த வகைகள் இரண்டு, மூன்று அடி உயரத்திலேயே நிறையப் பூக்கின்றன. அவற்றை வளர்ப்போர் தவறாது போற்றும் விதி ஒன்று உண்டு. பூ உதிர்ந்தவுடன் கிளைகளை வெட்டிவிட வேண்டும். காலந் தாழ்த்தி வெட்டலாகாது. காரணம் யாதெனின், அடுத்த ஆண்டுக்குரிய மொட்டுகள் கோடைகாலத்திலேயே கிளைகளில் உருவாகிவிடுகின்றன. மாரியில் கத்தி வைப்பவர், வரவிருக்கும் வசந்தத்தையே வெட்டி எறிகின்றார்.

கோடையில் உருவான மொட்டு ஏன் உடனே மலர்வதில்லை? இவ்விடத்திலேதான் வட்டகொடையின் வினாவுக்கு விடை இருக்கின்றது. அம்மொட்டு மாரி வருமுன் ஆழ்ந்த உறக்கத்தில் அமிழ்ந்துவிடும். உறைநிலையை ஒட்டிய குளிர், 0 முதல் 7 பாகை செல்சியஸ் வரையிலான குளிர், வாரக்கணக்கில் அதன்மீது படிந்தாலன்றி அவ்வுறக்கம் கலையாது. குளிர் நிறைந்த பின் வெப்பம் தொட்டதும் மொட்டு விரியும். இடையில் ஓரிரு நாள் வெயில் அடித்தாலும் மொட்டு ஏமாறி மலர்ந்துவிடாதபடி இயற்கை வைத்த பூட்டு அது.

மலைநாட்டின் குளிர் மெய்யான குளிரே. கொழுந்து எடுக்கக் காலையில் புறப்படும் பெண்களின் விரல்களைக் கேட்டால் அவை சொல்லும். தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து தேயிலையையும் உருளைக்கிழங்கையும் கருக்குவதும் உண்டு. ஆயினும் அது ஓரிரவுக் குளிர். பொழுது ஏறியதும் வெயில் அதனைத் துடைத்துவிடும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை. அதனினும் தாழ்ந்த வட்டகொடை இன்னும் சற்று வெதுவெதுப்பானது. பகற்பொழுதும் அவ்வாறே. ரொறன்ரோவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஆறு மணி நேரத்திற்கு மேல் வேறுபாடு. வட்டகொடையிலோ அவ்வேறுபாடு ஒரு மணி நேரத்தையும் எட்டாது. ஆகவே, போர்சித்தியாவை வட்டகொடையில் நட்டால் அது இலை விடக்கூடும். படத்திலே கண்ட அந்தப் பொற்கோலத்தை மட்டும் காட்டாது. செடி நட்டவர்மீதும் குற்றமில்லை, செடியின்மீதும் குற்றமில்லை.

குளிர்நாட்டுச் செடிகள் யாவும் மலைநாட்டில் தோற்றுவிடும் என்று இதனால் முடிவு கட்டலாகாது. சில தோற்பதற்கு மாறாக மிகுதியாக வென்றுவிடுவதுமுண்டு. கோர்சு என்னும் முட்புதர் மஞ்சட் பூவினது, ஐரோப்பாவுக்கு உரியது. ஆங்கிலேயர் ஆட்சியில் கொண்டுவரப்பட்ட அது, இன்று ஹோட்டன் சமவெளியில் புல்வெளியை விழுங்கிப் பரவி, வேரோடு பிடுங்கி அகற்ற வேண்டிய தொல்லையாகியுள்ளது. பூவின் நிறத்தை மட்டும் கண்டு செடியை வரவழைத்தல் ஆகாது என்பதற்கு அப்புதரே சான்று.

அங்ஙனமாயின் வட்டகொடையின் முற்றத்திற்கு ஏற்ற பூம்புதர் எது? தேயிலைக்கு உகந்த மண் அமிலத்தன்மை உடையது. அம்மண்ணை விரும்பும் பூஞ்செடிகளே அங்கு முதலில் எண்ணத்தக்கவை. அவற்றுள் எளியது ஐதரேஞ்சியா. அது அடர்ந்து நிற்கும். அதற்கு உறைபனி வேண்டியதில்லை. மலைநாட்டின் இரவுக் குளிரே போதும். அமில மண்ணிலுள்ள அலுமினியத்தை வேர் உறிஞ்சுவதாலேயே அதன் பூங்கொத்து நீலமாகின்றது. அடுப்புச் சாம்பலை அதன் அடியிலே கொட்டிவந்தாலோ, தேயிலைக்கு இடும் டொலமைற்றைத் தூவினாலோ, அமிலம் தணிந்து நீலம் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாக மாறும். வெள்ளைப் பூ வகையில் மட்டும் இம்மாற்றம் நிகழ்வதில்லை. நீலம் வேண்டுவோர் சாம்பலைக் கோவா, லீக்ஸ் பாத்திக்கு இடுதல் நலம்.

அடுத்தது அசேலியா. ஹோட்டன் சமவெளியில் செந்நிறமாகப் பூக்கும் மகாரத்மல் மரத்தின் நெருங்கிய உறவு அது. அதன் வேர் நூல் போல் மெல்லியது. மேல் மண்ணிலேயே படர்வது. ஆதலால் அதன் அடியிலே முள்ளுக் குத்துதல் கூடாது. உதிர்ந்த இலைச் சருகால் மூடிவைப்பதே போதும். அசேலியா, ஐதரேஞ்சியா ஆகிய இரண்டின் இலையும் நச்சுத்தன்மை உடையன. ஆடு, மாடு வளர்ப்போர் அவற்றைப் பட்டிக்கு எட்டாத இடத்தில் நட வேண்டும். வெட்டிய கிளைகளையும் புல்லோடு சேர்த்துப் போடலாகாது.

மஞ்சள் நிறமே வேண்டும் என்பார்க்கு மஞ்சள் மல்லிகை உண்டு. தென்மேற்குச் சீனத்தைச் சேர்ந்த அவ்வினம் இலையுதிராதது. வளைந்து தொங்கும் பச்சைக் கிளைகளில் பொன்னிறப் பூக்களைத் தொடுப்பது. போர்சித்தியாவுக்கு உருவிலும் உறவிலும் மிக அண்மையது. மண் சரியும் வரப்பின் மேல் நட்டால் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும். தரையைத் தொட்ட கிளைநுனி அங்கேயே வேர் பிடிக்குமாதலால், எல்லை மீறாதபடி அதனை வெட்டிவருதல் வேண்டும்.

இவற்றை நடும் முறை கடினமானதன்று. மழை தொடங்கியதும், முற்றிய பென்சில் பருமனான கிளையில் ஆறு அங்குலத் துண்டுகள் எடுத்து, கீழ்க்கணுவின் அடியில் சீராக வெட்டி, மணல் கலந்த மண்ணில் பாதியளவு புதைத்து நிழலில் வைத்தால், ஐதரேஞ்சியாவும் மஞ்சள் மல்லிகையும் சில வாரங்களில் வேர் விடும். அசேலியா சற்றுத் தாமதிக்கும். தவறணையில் தேயிலைக் கன்று வளர்த்த கைகளுக்கு இது புதிய வித்தையன்று. நடும் குழியில் நீர் தேங்கலாகாது. சரிவில் நடும்போது மேற்புறமாக ஒரு சிறு கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிட வேண்டும்.

செடியைக் குறுகிய உருவில் வைத்திருக்கும் கலையை மலையகத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தன் போக்கில் விட்டால் முப்பது அடி மரமாக ஓங்கக்கூடிய தேயிலையை, தலைமுறை தலைமுறையாக இடுப்பளவில் நிறுத்திவைத்திருப்பவர்கள் அவர்களே. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. தேயிலையில் வேண்டுவது கொழுந்து. ஆதலால் ஆண்டுக் கணக்கை எண்ணிக் கவ்வாத்து வெட்டப்படும். பூம்புதரில் வேண்டுவது பூ. ஆதலால் பூ வாடியவுடனேயே வெட்ட வேண்டும். போர்சித்தியாவுக்கு ரொறன்ரோவில் எவ்விதியோ, ஐதரேஞ்சியாவுக்கும் அசேலியாவுக்கும் வட்டகொடையில் அவ்விதியே.

இனி, கத்தியாலும் உரத்தாலும் தீராத தேவை ஒன்று எஞ்சுகின்றது. போஞ்சி நட்டவர் மூன்று மாதத்திற்குள் பறித்துவிடலாம். பூம்புதரோ உரு அமைந்து நிறையப் பூக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் எடுக்கும். நாளையும் இந்த முற்றம் தனதே என்ற உறுதி உள்ளவரே அத்தனை காலம் காத்திருக்கத் துணிவர். லயத்துக் காம்பராவும் முற்றமும் அவற்றில் வாழ்ந்தோருக்கு ஒருபோதும் சொந்தமாயிருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது. கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் சென்று குடியேறிய குடும்பங்கள் தாம் நட்ட செடிகளை விட்டே சென்றன. வாளியிலும் தகரத்திலும் பூ வளர்க்கும் வழக்கத்துக்கு இடநெருக்கடி மட்டுமே காரணமன்று என்பதை இவ்வரலாறு உணர்த்தும். தகரத்தில் நட்ட செடியைத் தூக்கிச் செல்லலாம். தரையில் நட்டதைத் தூக்கிச் செல்ல இயலாது.

அண்மை ஆண்டுகளில் 7 பேர்ச்சஸ், பின்னர் 10 பேர்ச்சஸ் என்ற அளவில் காணியுடன் தனி வீடு வழங்கும் திட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. பல்லாயிரம் குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சும் நிலத்தில் காய்கறிப் பாத்திக்கும் இடம் உண்டு. வாசலோரம் இரண்டு பூம்புதர்களுக்கும் இடம் உண்டு. உறுதி கைக்கு வந்த வீட்டில், அயல் வீட்டு ஐதரேஞ்சியாவிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கி, அடுத்த மழையிலே அதனைத் தகரத்தில் அன்றித் தரையிலேயே நட்டுவிடலாம். மூன்றாம் ஆண்டில் அது நீலமாகப் பூக்கும்போது, அதனைப் படமெடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பலாம்.