மரம் சாய்க்கச் சங்கிலி ரம்பம்: பழகும் முறை

வரப்பில் நட்ட தேக்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்து வளர்க்கிறோம். சவுக்கையும் தைலமரத்தையும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்து பார்க்கிறோம். ஆனால் மரத்தைச் சாய்க்கும் நாளில் மட்டும் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. லாரி வந்து நிற்கிறது, வியாபாரி அவசரப்படுத்துகிறார், அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அந்த அரைமணி நேரத்தில்தான் மரத்தின் விலையும் சில வேளைகளில் மனித உயிரும் போகின்றன.

எங்கள் வீட்டு வரப்பில் என் தந்தையார் நட்ட தேக்கு ஒன்றை, நான் முதுகலைப் படிப்பு முடித்து வந்த ஆண்டில் சாய்த்தோம். முன் வெட்டுப் போட வேண்டும் என்பது எனக்கும் தெரியாது, அறுக்க வந்தவருக்கும் தெரியாது. ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போனோம். மரம் பாதி அறுபடுமுன் சாயத் தொடங்கி, அடிமரம் ஐந்தடி உயரத்துக்குப் பிளந்தது. பிளந்த கட்டை அறுத்தவரின் தோளை உரசிக்கொண்டு மேலே எகிறிற்று. அவர் பிழைத்தார். வியாபாரி அந்த ஐந்தடியை விறகுக் கணக்கில் சேர்த்தார். ஒரு மரத்தில் விலை மிகுந்த பகுதி அதன் அடிக்கட்டைதான் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

சங்கிலி ரம்பம் (ஊரில் இதை மரம் அறுக்கும் மிஷின் என்கிறோம்) முன்பு காட்டுக் குத்தகைதாரர்களிடம்தான் இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர் மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, பல உழவர்கள் முதன்முதலாக இதைக் கையில் எடுத்தார்கள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் எடுத்தார்கள் என்பதுதான் குறை.

இதன் சங்கிலி பிறந்த கதை ஒன்றுண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிப் பிழைத்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946 ஆம் ஆண்டில், மரத்தைக் குடையும் வண்டின் புழு ஒன்றைக் கவனித்தார். அது தன் இரு தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கிக்கொண்டு, நாரின் போக்கிலும் நாருக்குக் குறுக்கிலும் தடையின்றி முன்னேறியது. அதைப் பார்த்து அவர் அமைத்த பற்கள்தாம் இன்றைய சங்கிலியில் இடமும் வலமுமாக மாறி மாறி இருக்கின்றன. நாம் மருந்தடித்துக் கொல்லும் புழுவிடமும் பாடம் இருந்திருக்கிறது.

கருவியும் உடையும்

பழகுபவருக்கு 16 அல்லது 18 அங்குலப் பார் உள்ள கருவி போதும். சங்கிலியை உடனே நிறுத்தும் பிரேக் வேலை செய்கிறதா என்று வாங்கும்போதே கடைக்காரரை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பிரேக் பழுதான கருவியை இரவலாகக்கூட வாங்க வேண்டாம்.

பெட்ரோலுடன் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கருவியின் கையேட்டில் சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும். 50:1 என்றிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்றிருந்தால் 40 மில்லி. இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எனவே கலந்ததை மாதக்கணக்கில் வைத்திருக்காமல், வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து வையுங்கள். சங்கிலிக்குரிய எண்ணெய்த் தொட்டியில் டிராக்டரிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதிலுள்ள இரும்புத் துகள் பாரையும் பம்பையும் தின்றுவிடும். இதில் மிச்சம் பிடிப்பது வீண்.

வேட்டி, கைலி, தோளில் துண்டு இவற்றோடு இந்தக் கருவியைத் தொடவே கூடாது. சங்கிலி துணியைப் பிடித்தால் உங்களையும் சேர்த்து இழுக்கும். தலைக்கவசம், கண்ணையும் முகத்தையும் மறைக்கும் வலை, காதடைப்பான், தொடையையும் காலையும் காக்கும் கனத்த உறை, கெட்டியான பூட்ஸ் ஆகியவை தேவை. கருவியின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் நாள் முழுதும் அறுத்தால் செவித்திறன் குறையும். இவ்வளவையும் வாங்கப் பணம் இல்லையென்றால், என் கருத்தில், அந்த ஆண்டு கருவியையும் வாங்காமல் இருப்பதே நலம்.

கருவியைத் தொடங்கும்போது தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடிக்குள் வலக்காலை நுழைத்து மிதித்துக்கொண்டு, இடக்கையால் முன்கைப்பிடியை அழுத்தி, வலக்கையால் கயிற்றை இழுக்க வேண்டும். கையில் தொங்கவிட்டு இழுப்பது வீரமன்று. அறுக்கும்போது இடக்கைப் பெருவிரல் கைப்பிடியைச் சுற்றி இறுகப் பிடித்திருக்க வேண்டும். பாரின் நுனியில் மேற்பாதி எதன்மீதாவது பட்டால் கருவி கண்ணிமைக்குமுன் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். ஆகவே நுனியால் அறுக்காதீர்கள். தோள் உயரத்துக்கு மேல் தூக்கி அறுக்காதீர்கள். உடலைப் பாருக்கு நேராக வைக்காமல் சற்று இடப்புறமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது?

முதல் சில நாட்கள் கீழே கிடக்கும் கட்டைகளைத் துண்டு போட்டுப் பழகுங்கள். பிறகு, முன்பே அறுத்த மரத்தின் தூர் இடுப்பளவு நின்றிருந்தால் அதன்மேல் முன் வெட்டும் பின் வெட்டும் போட்டுப் பாருங்கள். செலவில்லாத பள்ளிக்கூடம் அதுதான். கை பழகியதும், ஒரு சாண் கனத்துக்குக் குறைந்த, நேராக நிற்கும் சவுக்கு மரங்களைச் சாய்க்கலாம். தேக்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தைப் பார்த்தல்

கருவியைத் தொடங்குமுன் மரத்தை ஒரு முறை சுற்றி வாருங்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் கிளைகள் அதிகம், காய்ந்த கிளை தலைக்குமேல் தொங்குகிறதா, அடியில் பொந்தோ கரையானோ உண்டா, காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பாருங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் வேலையை நிறுத்திவிட வேண்டும். மின்கம்பி மரத்தின் எட்டும் தூரத்தில் இருந்தால், மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே அறுக்க வேண்டும்.

மரத்தின் உயரம் அறிய எளிய வழி உண்டு. உங்கள் கண்ணிலிருந்து நீட்டிய கை வரையுள்ள நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து, கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் அடி மரத்தின் அடியோடும், நுனி மரத்தின் நுனியோடும் பொருந்தும்வரை பின்னோக்கி நடங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே மரத்தின் உயரம். மரம் உங்கள் பக்கம் சாய்ந்தால் நுனி ஏறக்குறைய உங்கள் காலடியில் விழும். உடன் வேலை செய்பவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள், ஆடுமாடுகள் எல்லாம் அந்த உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்துக்கு அப்பால் இருக்க வேண்டும்.

நீங்கள் தப்பிச் செல்லும் வழியையும் முன்கூட்டியே செதுக்கித் துப்புரவாக்கி வையுங்கள். மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக்கூடாது. அடிக்கட்டை பின்னோக்கி உதைக்கும். பின்பக்கமாகவும் சாய்வாகவும், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரு வழிகள் வேண்டும்.

முன் வெட்டு, கீல், பின் வெட்டு

இதுவே வேலையின் உயிர்நாடி. சுற்றளவு 125 செ.மீ. உள்ள தேக்கை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்களவு சுமார் 40 செ.மீ. ஆகும். மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் மேலிருந்து சாய்வாக ஒரு வெட்டும், பிறகு அதைச் சந்திக்குமாறு கீழே படுக்கையாக ஒரு வெட்டும் போட்டு, ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிட வேண்டும். இதுவே முன் வெட்டு. ஆழம் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை, அதாவது 8 முதல் 10 செ.மீ.; வாய் குறைந்தது 45 பாகை திறந்திருக்க வேண்டும். இரு வெட்டுகளும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தாண்டி உள்ளே போனால் கீல் கெட்டுவிடும்.

அடுத்துப் பின் வெட்டு. முன் வெட்டின் படுக்கைக் கோட்டுக்கு 3 முதல் 4 செ.மீ. மேலாக, எதிர்ப்பக்கத்திலிருந்து படுக்கையாக அறுத்து வாருங்கள். முழுவதும் அறுத்துவிடக் கூடாது. இரு வெட்டுகளுக்கும் இடையே குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு, நம் மரத்தில் 4 செ.மீ., அறுபடாத மரம் நிற்க வேண்டும். இதைத்தான் கீல் என்கிறோம். கதவு கீலில் திரும்புவதுபோல மரம் இதில் திரும்பி, நீங்கள் காட்டிய திசையில் விழும். கீலை அறுத்துவிட்டால் மரம் தன்னிச்சைப்படி விழும். கீல் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், தடித்த பக்கம் இழுக்கும்.

பார் பாதி உள்ளே போய்ப் பின்னால் இடம் கிடைத்ததும், மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஆப்பைச் செருகிவிடுங்கள். இரும்பு ஆப்பு சங்கிலியில் பட்டால் பற்கள் போய்விடும். ஆப்பு இருந்தால் மரம் பின்னோக்கி அமர்ந்து பாரைக் கவ்விக்கொள்ளாது. ஒருமுறை ஆப்பில்லாமல் அறுத்து, பார் சிக்கி, ஒரு பகல் முழுவதும் நான் மரத்தையும் வடக்கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் அசையத் தொடங்கியதும் பிரேக்கைப் போட்டு, தப்பும் வழியில் நடந்துவிடுங்கள். கண் மரத்தின் நுனியிலேயே இருக்கட்டும்.

விழுந்த பிறகு தூரைப் பாருங்கள். கீல் ஒரே கனத்தில் கோடு போட்டதுபோல் தெரிந்தால் உங்கள் வேலை சரி. ஒவ்வொரு தூரையும் இவ்வாறு பார்ப்பவர் பத்து மரத்தில் கற்பதை, பாராதவர் நூறு மரத்திலும் கற்பதில்லை.

தொட வேண்டாத மரங்கள்

ஒரு பக்கமாக மிகவும் சாய்ந்த மரம், என் வீட்டுத் தேக்கைப்போல், பின் வெட்டு முடியுமுன் நெடுக்காகப் பிளந்து எகிறும். உள்ளே குடைந்த மரத்தில் கீல் நிற்காது. இவற்றை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள். சாய்த்த மரம் இன்னொரு மரத்தில் மாட்டிக்கொண்டால், தாங்கி நிற்கும் மரத்தை அறுக்கவோ, மேலே ஏறவோ, கீழே நிற்கவோ கூடாது. நீண்ட வடம் கட்டி, தொலைவிலிருந்து டிராக்டரால் அடிக்கட்டையைப் பின்னோக்கி இழுப்பதே முறை.

புயலில் விழுந்த மரம் வளைத்த வில் போன்றது. வளைவின் உட்புறம் அமுங்கியும் வெளிப்புறம் விறைத்தும் இருக்கும். அமுங்கிய பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு விறைத்த பக்கத்திலிருந்து மெல்ல அறுத்து முடிக்க வேண்டும். வேரோடு பெயர்ந்த மரத்தைத் துண்டித்தால், வேர்த்தூர் திடீரென்று குழிக்குள் திரும்ப அமரும். அக்குழிக்குள் பிள்ளைகள் விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னையின் வெளிவட்டம் கடினமானது. சங்கிலி விரைவில் மழுங்கும். செதில் செதிலாக வராமல் மாவு போலத் தூள் வந்தால், சங்கிலிக்கு உருண்டை அரம் போடும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அனுமதி

பட்டா நிலத்து மரமாயினும் எல்லாவற்றையும் நம் விருப்பப்படி சாய்த்துவிட முடியாது. மலைப்பகுதிகளில் 1955 ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சந்தனத்துக்குத் தனி விதிகள் உள்ளன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. தேக்கானால் வெட்டுமுன், சிட்டா, அடங்கல் நகல்களுடன் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். லாரி சோதனைச் சாவடியில் நிற்கும்போது யோசிப்பதில் பயனில்லை.

அளவும் தூரும்

வியாபாரி வருமுன் நீங்களே நாடா பிடித்து அளந்து எழுதி வையுங்கள். கட்டையின் நடுச் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது மரக்கடைகளின் பழைய கணக்கு. நடுச் சுற்றளவு 120 செ.மீ., நீளம் 3 மீட்டர் என்றால், கால் பங்கு 0.30 மீட்டர், 0.30 × 0.30 × 3 = 0.27 கன மீட்டர், அதாவது சுமார் 9½ கன அடி. கட்டையின் உண்மையான கன அளவு ஏறக்குறைய 0.34 கன மீட்டர். இந்த வித்தியாசம் அறுப்பில் போகும் கழிவுக்கு விடப்படுவது, ஏமாற்று அன்று. ஆனால் இதற்கு மேலும் கழிவு என்று ஒருவர் கழித்தால், ஏன் என்று நீங்கள் கேட்கலாம்.

மறுதாம்பு விட நினைக்கும் தைலமரத்தைத் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், மழைநீர் தேங்காதபடி சற்றுச் சரிவாக, பட்டை உரியாமல் கூர்மையான சங்கிலியால் அறுக்க வேண்டும். பட்டை கிழிந்த தூரில் துளிர் சரியாக வராது. தழைகளைத் தூர்களின்மேல் குவித்துக் கொளுத்தவும் கூடாது. சவுக்கு தூரிலிருந்து நன்கு தழைக்காது. அதைத் தரையோடு ஒட்டியே அறுத்துவிடலாம்.