சொல்லொணாத் துயரும் தூரிகையும்

முன்னுரை

உள்ளத்தே தோன்றும் உணர்வு உடலின்வழிப் புறத்தார்க்குப் புலனாவதை ‘மெய்ப்பாடு’ என்பர் தமிழ் இலக்கண நூலார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் எனத் தனியோர் இயலே வகுத்து, எண்வகை மெய்ப்பாடுகளை விளக்குகின்றார். அழுகையும் அச்சமும் வெகுளியும் அவற்றுள் அடங்குவன. வளர்ந்தோர் தம் துயரைச் சொல்லில் வடிக்கக் கற்றவர்கள். சிறார் அங்ஙனம் அல்லர். தந்தையை இழந்த சிறுவன் தன் துயரை எடுத்துச் சொல்லான். தோழனை அடிப்பான், பாடநூலைக் கிழிப்பான், அல்லது வாய்மூடிக் கிடப்பான். நாமோ அதனைக் குறும்பு என்றும் சோம்பல் என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம்.

இப்பிழையை நாமும் செய்ததுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் முதலாமாண்டு மாணவர் ஒருவர், குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்கள் முழுதும் ஒரே வீட்டைத் திரும்பத் திரும்ப வரைந்து வைத்திருந்தார். பாடவேளை வீணாகின்றதே என்று பலர் முன்னிலையில் கடிந்துரைத்தோம். தாயார் மறைந்து ஒரு திங்களே ஆகியிருந்தது என்பதும், அவர்கள் வாழ்ந்த அவ்வீடும் கைவிட்டுப் போயிற்று என்பதும் பின்னரே தெரிந்தன. அதன்பின் அம்மாணவர் நம் முன்னிலையில் எதனையும் வரைந்ததில்லை. அவர் பேசிய ஒரே மொழியை நாம் அடைத்துவிட்டோம் என்னும் உறுத்தலே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

கலைவழி மருத்துவம்

ஓவியம் தீட்டல், களிமண்ணில் உருச்செய்தல், தாள்களை வெட்டி ஒட்டல் முதலியவற்றின் வாயிலாக உள்ளத்தின் புண்ணை ஆற்ற முயலும் முறையே கலைவழி மருத்துவம். ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில் 1938ஆம் ஆண்டு காசநோயுற்று மருத்துவ விடுதியில் தங்கியிருந்தார். வரைதல் தம் மனச்சோர்வை நீக்குவதைக் கண்டு, பிற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். இம்முறைக்கு 1942இல் அவர் இட்ட பெயரே இன்றும் வழங்குகின்றது. அமெரிக்காவில் மார்கரெட் நவும்பர்க் என்னும் அம்மையார், நடத்தைச் சிக்கல் உடைய சிறாரிடையே 1940களில் இதனைக் கையாண்டார்.

எனினும், சிறார்க்கு ஓவியம் என்ன செய்யவல்லது என்பதை நமக்குத் தெளிவாகக் காட்டுபவர் வேறோர் அம்மையார். அவர் மருத்துவர் அல்லர். ஓர் ஓவிய ஆசிரியை.

டெரசீன் நகரின் ஆசிரியை

1898இல் வியன்னாவில் பிறந்த பிரீடல் டிக்கர் பிராண்டைஸ், ஜெர்மனியின் புகழ்பெற்ற பவுஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். யூதர் என்பதனால் நாஜிகள் 1942ஆம் ஆண்டு டிசம்பரில் இவரைப் பிராகு நகருக்கு வடமேற்கேயுள்ள டெரசீன் என்னும் கோட்டை நகருக்கு அனுப்பினர். அடைத்துவைக்கப்படுவோர் தம்முடன் 50 கிலோ எடையுள்ள பொருளையே கொண்டுசெல்லலாம். அவ்வெடையில் தமக்குரிய பொருளைக் குறைத்துக்கொண்டு, அங்குள்ள சிறார்க்கெனத் தாளும் வண்ணமும் எடுத்துச் சென்றார் அவ்வம்மையார்.

அங்குச் சிறார்க்குப் பள்ளிக்கல்வி தடைசெய்யப்பட்டிருந்தது. பெற்றோரைப் பிரிந்து, பசியோடு, நெரிசலான விடுதிகளில் அவர்கள் வாழ்ந்தனர். அவ்விடுதிகளில் பிரீடல் ஓவிய வகுப்பு நடத்தினார். தாள் தீர்ந்தபோது பழைய அலுவலகப் படிவங்களின் பின்புறம் பயன்பட்டது. சிறார் வரைந்தவற்றுள் அடுக்குப் படுக்கைகளும் காவலரும் உண்டு. ஆயினும் வீடு, பூ, உணவு மேசை, வண்ணத்துப்பூச்சி ஆகியவையே மிகுதி. ஒவ்வொரு படத்திலும் வரைந்தவர் தம் பெயரை எழுதுமாறு அவர் வற்புறுத்தினார். மனிதரை எண்ணாக மாற்றிய ஓரிடத்தில், தன் பெயரைத் தன் கையால் எழுதுதல் சிறு செயலன்று.

எல்லாரையும் ஓவியராக்குவது வகுப்பின் நோக்கமன்று. சிறாரின் உள்ளாற்றலைத் திறந்துவிடுவதே நோக்கம் என்பது அவர்தம் கொள்கை. வளர்ந்தோர் தம் வழியைச் சிறார்மேல் திணித்தலாகாது என்றும் அவர் கருதினார்.

1944ஆம் ஆண்டு அக்டோபரில் பிரீடல் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். புறப்படுமுன் ஏறத்தாழ 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துச் சென்றார். அவை போருக்குப் பின் பிராகு நகரை அடைந்து, இன்று அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை வரைந்த சிறாருள் பெரும்பாலோர் உயிர் பிழைத்திலர்.

அங்ஙனமாயின் ஓவியத்தால் விளைந்த பயன் யாது? தூரிகை புகைவண்டியை நிறுத்தவில்லை. ஆனால் வண்டி வரும்வரை அச்சிறார் சிறாராகவே வாழ வகைசெய்தது. கலைவழி மருத்துவத்தின் ஆற்றல், எல்லை ஆகிய இரண்டையும் இவ்வொரு வரலாறே நமக்கு உணர்த்துகின்றது.

மூன்றாம் கை

பிரீடலின் மாணவி எடித் கிராமர். 1934க்குப் பின் பிராகு நகரில் ஏதிலியர் குழந்தைகளுக்குப் பிரீடல் கற்பித்தபோது உடனிருந்து உதவியவர். 1938இல் அமெரிக்கா சென்று, 1950 முதல் ஏழாண்டுகள் வில்ட்விக் என்னும் உறைவிடப் பள்ளியில், வறுமையாலும் வன்முறையாலும் நிலைகுலைந்த நியூயார்க் நகரச் சிறுவரிடையே பணியாற்றினார். அப்பட்டறிவை 1958இல் நூலாக்கினார்.

வண்ணத்தைக் கையிலெடுக்கும் சிறாரின் செயலை அவர் ஐவகைப்படுத்துகின்றார். முதலாவது, வண்ணத்தைத் தொட்டும் பூசியும் கிறுக்கியும் பழகுதல். இரண்டாவது, சினத்தைக் கொட்டுதல். தெறித்தலும் குத்துதலும் இவ்வகை. மூன்றாவது, உள்ளதை மறைக்க ஒரே படத்தைப் பார்த்து வரைதல். நான்காவது, சொல்லுக்கு மாற்றாகக் குறிப்புப் படம் இடுதல். ஐந்தாவது, உணர்வு முழுதும் ஒரு வடிவில் நிறைவுற அமைதல். சினம் அழிக்கும் செயலாக வெடியாது, ஆக்கும் செயலாக மாறும் இடம் இவ்வைந்தாவதே.

இதற்குத் துணைநிற்கும் ஆசிரியரை அவர் ‘மூன்றாம் கை’ என்றார். அக்கை களிமண் சாயாமல் தாங்கும். வேண்டிய வண்ணத்தைக் கலந்து தரும். ஆனால் சிறுவனின் படத்தைத் தன் படமாக மாற்றாது.

நாம் செய்யத்தக்கன

நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் விளங்கவிருக்கும் மாணவர்கள் சிலவற்றை மனங்கொள்ளல் வேண்டும். துயருற்ற குழந்தையின் படத்துக்கு மதிப்பெண் இடலாகாது. ‘இஃது என்ன?’ என்று வினவுவதைவிட, ‘இதைப்பற்றிச் சொல்’ என்பது நன்று. சொல்ல மறுப்பின் விட்டுவிடுக. கருவண்ணம் தீட்டியவர் எல்லாம் துயருற்றவர் அல்லர். ஒரு படத்தைக் கொண்டு உள்ளத்தைக் கணித்தல் பேதைமை. அதனைப் பிறரிடம் காட்டுமுன் குழந்தையின் இசைவைக் கேட்டல் முறை.

உயிர்களின் உருவம் வரைவதை விரும்பாத இல்லங்கள் நம் சமுதாயத்தில் உண்டு. அதனால் இவ்வழி அடைபடாது. பூவேலை, கட்டங்களும் வட்டங்களும் பின்னிய வடிவங்கள், எழுத்தணி, தாள்வேலை ஆகியனவும் உள்ளத்துக்கு வடிகாலாவனவே. பெரியோர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

உறக்கமின்மை, உணவு மறுத்தல், தன்னைத்தான் வருத்திக்கொள்ளல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியன தென்படின் ஓவியத்தோடு நின்றுவிடாது மனநல மருத்துவரை நாடுதல் கடமை. 2022இல் நடுவணரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் பெறலாம்.

நிறைவுரை

குழந்தையின் துயரை ஓவியம் அகற்றிவிடும் என்று நாம் கூறவில்லை. வறுமையும் வன்முறையும் பிரிவும் பெரியவர்கள் நீக்க வேண்டியவை. ஆனால் அவை நீங்கும்வரை, அக்குழந்தைக்கு ஒரு தாளும், திருத்தாத ஒரு துணையும் தேவை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வீடு வரையும் மாணவர் இனி நம் வகுப்பில் இருப்பின், கடிந்துரையோம். அருகமர்ந்து, அவ்வீட்டைப் பற்றிக் கேட்போம்.