நவச்சார நெடி

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்து வந்த நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சூடேறிய பாத்திரத்தில் நவச்சாரப் பொடியைப் போட்டுத் தேய்ப்பார். குப்பென்று வெண்புகை கிளம்பி மூக்கைத் துளைக்கும். அந்த நவச்சாரத்தில் அடங்கியிருப்பதுதான் அம்மோனியா. ரசாயன நூல்கள் இதைக் 'காரம்' என்கின்றன. மிளகாய்க் காரம் அல்ல. சுண்ணாம்பு, சலவை சோடா இவற்றின் இனம்!

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவு நேரம். வடசென்னை எண்ணூரில், உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூச்சுத் திணறியும் கண் எரிந்தும் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

"இப்படிப்பட்ட பொருள் எதற்கு?" என்று கேட்பீர்கள். யூரியா உரத்துக்கு இதுவே மூலப்பொருள். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து இதை உண்டாக்கும் வழியை 1909ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹேபர் செய்து காட்டினார். இன்று நம் இலையில் விழும் சோற்றில் அதற்குப் பங்கு உண்டு. ஐஸ் தொழிற்சாலைகளில் குளிரூட்டவும் இது பயன்படுகிறது. முகத்துவாரக்குப்பத்து மீனவர் பிடித்த மீன் கெடாமல் நம் வீடு வந்து சேர ஐஸ் வேண்டாமா?

ஆனால் அம்மோனியாவுக்கு ஒரு குணம். ஈரத்தைக் கண்டால் விடாது, பாய்ந்து கரையும். நம் உடம்பில் ஈரமான இடங்கள் எவை? கண், மூக்கு, தொண்டை, நுரையீரல். அங்கேதான் முதலில் புண்ணாக்குகிறது.

அந்தக் குணமே நமக்குத் துணையும் ஆகிறது. நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உடனே விலகுங்கள். காற்று அடிக்கும் திசையிலேயே ஓடாமல், அதற்குக் குறுக்காகப் போங்கள். கண்ணைக் கசக்காமல், நல்ல தண்ணீரை விட்டு 15 நிமிஷமாவது கழுவுங்கள். மேலே பட்ட உடைகளைக் களைந்துவிடுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாறோ காடியோ விட வேண்டாம். பிறகு தாமதமின்றி டாக்டரிடம் செல்லுங்கள்.

வீட்டிலும் ஒரு ஜாக்கிரதை தேவை. கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அம்மோனியா உண்டு. அவற்றோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

எண்ணூர்த் தாய்மார்கள் நள்ளிரவில் கற்ற பாடம் இது. நாம் பகலிலேயே கற்றுக்கொள்ளலாமே!